வராதவர்களின் கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நூலகர் மாநாட்டுக்குப் போயிருந்தேன். நான் நூலகர் இல்லை. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணியில் இருப்பவன். எங்கள் காலனி இரவுப் பாடசாலையில் இரண்டு இரும்பு அலமாரிகளை வைத்து ஒரு சிறிய நூலகம் நடத்துகிறேன், அவ்வளவுதான். பதிவு மேசையில் “எந்த நிறுவனம் சார்?” என்றார்கள். இரவுப் பாடசாலை என்றேன். அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பெயரை மட்டும் எழுதி அட்டையைக் கொடுத்தார்கள்.

இரண்டு நாளும் மின்னிதழ்கள், ஆர்எஃப்ஐடி, நாக் மதிப்பீடு என்றே ஓடியது. குறை சொல்லவில்லை, கோஹா மென்பொருளை நான் முதலில் பார்த்ததே அங்கேதான். மதிய உணவு வரிசையில் ஒருவர் நட்பாகப் பேச்சுக் கொடுத்தார். எந்த மாவட்டம், எந்த ஊர் என்று வந்தவர், “ஊரில் எந்தப் பக்கம்?” என்றார். சொன்னேன். “அப்படியா” என்று சொல்லிவிட்டுச் சாம்பார் பக்கம் நகர்ந்துவிட்டார். அந்த ‘அப்படியா’ உங்களில் பலருக்கும் பழகியதுதான்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “2006இல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கும் நூலகம் கட்டினார்கள். அது ஊர்த்தெருவில், கோயிலை ஒட்டி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தத் தெருவுக்குள் போகவே தயங்குகிறார்கள். நூலகத்துக்கு வராதவர்களைப் பற்றி இந்த மாநாட்டில் ஏதாவது கட்டுரை உண்டா?” தலைமை வகித்த பேராசிரியர் சிரித்த முகத்தோடு, “இது தொழில்நுட்ப அமர்வு. சமூகப் பிரச்சினைக்கு வேறு மேடை இருக்கிறது” என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

தேநீர் இடைவேளையில் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். கிராமத்துக் கிளை நூலகர். “தம்பி, காலனிப் பசங்க பேப்பர் மேசையில வந்து உக்காந்தா பெரியவங்க ரெண்டு பேர் எழுந்து போயிடுவாங்க. பசங்க மறுநாள் வர மாட்டாங்க. மாசா மாசம் எத்தனை பேர் வந்தாங்கன்னு கணக்கு அனுப்புறேன். வராதவங்களுக்கு அதுல கட்டமே இல்ல” என்றார்.

நமக்கு நூலகம் யாரோ போடும் பிச்சையல்ல. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது, காலனி வீடுகளிலும்தான். வரி வாங்கும்போது தெரு பார்ப்பதில்லை.

அன்றிரவு பேருந்தில் ஈ. ஜே. ஜோசியை நினைத்துக்கொண்டே வந்தேன். ஜார்ஜியாவில் கறுப்பினக் கல்லூரி ஒன்றின் நூலகர். அந்த மாநில நூலகச் சங்கம் அவரை உறுப்பினராகவே சேர்க்கவில்லை. 1936இல் ரிச்மண்டில் நடந்த அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் கறுப்பின நூலகர்களுக்குத் தனி இருக்கைகள். உணவோடு நடந்த கூட்டங்களில் அனுமதியே இல்லை. 1964இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில், கறுப்பினத்தவரை ஒதுக்கிய மிசிசிப்பி சங்கத்தைப் பாராட்டினார்கள். ஜோசி அங்கேயே எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனப்பாகுபாடு காட்டும் மாநிலச் சங்கங்களின் கூட்டங்களுக்குத் தேசியச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் அதிகாரபூர்வமாகப் போகக் கூடாது. தீர்மானம் நிறைவேறியது. மறுவருடம் ஜார்ஜியா சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1984இல் அமெரிக்க நூலகச் சங்கத்துக்கே அவர் தலைவரானார்.

இனமும் சாதியும் ஒன்றல்ல. அங்கே இருந்ததுபோல் இங்கே வாசலில் பலகை எழுதி வைப்பதில்லை. பலகை இல்லாததாலேயே பிரச்சினையும் இல்லை என்று சொல்லிவிட முடிகிறது. ஆனால் ஜோசி செய்த ஒன்றை நாமும் செய்யலாம். ‘இது அதற்கான மேடை அல்ல’ என்று சொல்லப்படும் மேடையிலேயே பேசலாம்.

அக்காவும் நானும் அவருடைய நூலக உறுப்பினர்களைத் தெருவாரியாக எண்ணினோம். பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும். ஊரின் வரைபடத்தில் அதைக் குறித்தபோது காலனிப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. அடுத்த மாநாட்டுக்குக் கட்டுரையாக அனுப்பினோம். தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அதற்கடுத்த முறை சுவரொட்டியாக ஏற்றுக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் இடம் கொடுத்தார்கள். நல்லதாகப் போயிற்று, எல்லோரும் அந்த வழியாகத்தானே வர வேண்டும்! இளம் நூலகர் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “எங்க ஊருக்கும் இப்படிப் போட்டுப் பார்க்கிறேன்” என்று எங்கள் படிவத்தை வாங்கிக்கொண்டு போனார்.

தோழர்களே, உங்கள் ஊர் நூலகத்துக்கு ஒரு நாள் போங்கள். உறுப்பினர்களைத் தெருவாரியாக எண்ணித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் நூலகரை எதிரியாக நினைத்துக்கொண்டு போக வேண்டாம். அந்த அக்காவைப் போல, யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று அவரும் காத்திருக்கலாம்.