கதவு நிலைக்கு மேலே ஒரு பெயர்

யுத்த காலத்தில் வீட்டையும் தொழிலையும் கொண்டு நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆனால் பிற்காலத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போது "அப்பாவின் கடை", "தாத்தாவின் தோட்டம்" என்றுதான் சொல்லுகிறோம். இது எமது ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. கடல் கடந்து வேல்ஸ் நாட்டிலும் அப்படித்தான். அங்கே ஒரு பெண்ணின் பெயரைத் தேடி நாங்கள் அலைந்த கதையைச் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மகனோடு தென் வேல்ஸில் உள்ள சுவான்சி என்ற துறைமுக நகரத்தில் வசிக்கிறேன். மருமகள் அந்த மண்ணில் பிறந்தவள். அவளுடைய அம்மம்மாவின் தாயார், அதாவது அவளுக்குப் பூட்டி, இரண்டாம் உலக யுத்த காலத்தில் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு மதுச்சாலையில் வாழ்ந்தவர். 'பப்' என்று அங்கே சொல்லுவார்கள். எமது தவறணையை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வீடும் கூட. கீழே வியாபாரம், மேல்மாடியில் குடும்பம். துறைமுகத் தொழிலாளர்கள் மாலையில் வந்து பியர் குடித்து ஊர்க்கதை பேசும் இடம்.

குடும்பத்தில் எல்லோரும் அதைப் "பூட்டனின் பப்" என்றே சொல்லி வந்தார்கள். எனக்குப் பேத்தி பிறந்த பிறகு மருமகளுக்கு அந்தப் பூட்டியைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஆசை வந்தது. "மாமி, நீங்களும் என்னோடு வாங்கோ" என்று கேட்டாள். கச்சேரி, விதானையார், பதிவாளர் என்று பைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலைந்த அனுபவம் எனக்கு உண்டுதானே. சரி என்று புறப்பட்டேன்.

முதல் தடை பெயர்தான். வேல்ஸில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்ற சில குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முற்காலத்தில் அவர்களுக்கும் எங்களைப் போலத் தகப்பன் பெயரே அடையாளம். 'ஆப்' என்றால் மகன், 'வெர்க்' என்றால் மகள். 'ஆப் ஹவெல்' என்பதே பின்னர் 'பவல்' என்ற குடும்பப் பெயராயிற்று. ஒரே பெயரில் பலர் இருப்பதால் தொழிலைச் சேர்த்து "பால்கார ஜோன்ஸ்", "பாண்கார டேவிஸ்" என்று அழைப்பார்களாம். எங்கள் ஊரிலும் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் கடைக்காரர், வாத்தியார் என்று சேர்த்துத்தானே சொல்லுகிறோம். அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஊர் கொஞ்சம் சொந்த ஊர் போலாயிற்று.

இரண்டாவது தடை பெண்களுக்கே உரியது. அங்கே 1837 இல் அரசாங்கப் பதிவு தொடங்கியது. அந்த நாள் முதல் விவாகச் சான்றிதழில் மணமக்களின் தகப்பன்மாருடைய பெயரும் தொழிலும் எழுதப்பட்டன. தாய்மாருக்கு இடமே இல்லை. 2021 மே மாதத்தில்தான் தாயின் பெயரையும் சேர்த்தார்கள். 184 வருடங்கள்! பூட்டியின் விவாகச் சான்றிதழிலும் இரண்டு தகப்பன்மாரே இருந்தார்கள். அவருடைய தாயைக் கண்டுபிடிக்கப் பிறப்புப் பதிவுக்குப் போக வேண்டியதாயிற்று.

அடுத்தது சனத்தொகைக் கணக்கெடுப்பு. 1931 இல் எடுத்த ஏடுகள் 1942 டிசம்பரில் களஞ்சியத்தில் பற்றிய தீயில் எரிந்துவிட்டன. அது குண்டுவீச்சினால் வந்த தீ அல்ல. 1941 இல் யுத்தம் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே இடையில் எஞ்சியிருப்பது 1939 செப்டெம்பர் 29 ஆம் திகதி எடுத்த பதிவேடு ஒன்றுதான். யுத்தம் தொடங்கி நாலு கிழமைக்குள் வீடு வீடாகச் சென்று எழுதினார்கள். அடையாள அட்டையும் பின்னர் கூப்பன் புத்தகமும் அதை வைத்தே கொடுக்கப்பட்டன.

நூலகத்துக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். முதல் வரியில் பூட்டன், தொழில் மதுச்சாலை நடத்துதல். இரண்டாம் வரியில் பூட்டி. அவருடைய தொழில் என்ன தெரியுமா? "சம்பளமில்லாத வீட்டு வேலை." அதன் கீழே இரண்டு வரிகள் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தன. பிறந்து நூறு வருடம் ஆகாதவர்களின் விபரத்தை, அவர்கள் இறந்துவிட்டார்கள் என்று தெரிந்தாலன்றி, வெளியிட மாட்டார்கள். அந்தக் கறுத்த வரிகளுக்குள் இருந்தவர்கள் ஆறு வயது அம்மம்மாவும் அவருடைய தம்பியும்.

மருமகள் அந்த இரண்டாம் வரியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "விடிய எழும்பி நிலம் கழுவி, கிளாஸ் கழுவி, பீப்பா மாற்றி, கணக்கும் எழுதினவ எண்டு அம்மம்மா சொல்லுவா. அதுக்குப் பெயர் வீட்டு வேலையா, மாமி?" என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? இந்த அனுபவம் எங்களில் எத்தனை பேருக்கு உண்டு! தோட்டத்தில் கணவனோடு சரிக்குச் சரி வெங்காயம் நட்டவளையும் படிவத்தில் "தொழில்: இல்லை" என்றுதானே எழுதுகிறார்கள்.

அத்தோடு நாங்கள் விடவில்லை. பூட்டனின் மரணச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் அவர் 1940 இன் தொடக்கத்திலேயே நெஞ்சு வருத்தத்தால் இறந்திருக்கிறார். அப்படியானால் யுத்த காலத்தில் கடையை நடத்தியது யார்? விடை மேற்கு கிளமோர்கன் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. அக்காலத்தில் மது விற்கும் அனுமதியை நீதவான்கள்தான் கொடுப்பார்கள். அது கட்டிடத்துக்கு மட்டும் அல்ல, பெயர் குறித்த ஓர் ஆளுக்குக் கொடுக்கும் அனுமதி. அந்தப் பெயர்களைப் பெரிய பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். கடையின் பெயர், அனுமதி பெற்றவர், கட்டிடச் சொந்தக்காரர், பெயர் மாற்றிய திகதி, குற்றம் ஏதும் உண்டா என்று நிரல் நிரலாக இருக்கும்.

பூட்டனின் பெயருக்குக் கீழே, 1940 ஆம் ஆண்டுத் திகதியோடு, பூட்டியின் முழுப்பெயர் இருந்தது. பக்கத்தில் "விதவை" என்ற சொல். குற்றம் எழுதும் நிரல் வெறுமையாக இருந்தது.

இதன் பாரத்தை எண்ணிப் பாருங்கள். கட்டிடம் ஒரு பியர்க் கம்பனிக்குச் சொந்தமானது. அனுமதி கைமாறாவிட்டால் தொழிலோடு வீடும் போகும். புருசன் செத்த துக்கம் ஆறமுன்னம், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் நீதவான்கள் முன்னால் போய் நின்று, தான் தகுதியான ஆள் என்று காட்ட வேண்டியிருந்தது. மெதடிஸ்த, பப்ரிஸ்ற் சபைகள் மதுவைக் கண்டித்த நாடு அது. 1881 ஆம் ஆண்டுச் சட்டப்படி வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை மதுச்சாலை திறக்க முடியாது. சுவான்சியில் அந்தத் தடை 1961 இல் வாக்கெடுப்பின் பின்னரே நீங்கியது. அப்படிப்பட்ட ஊரில் தவறணை நடத்தும் விதவையை நாலு பேர் நாலு விதமாகத்தான் பேசியிருப்பார்கள்.

வீட்டில் ஒரு பழைய படம் உண்டு. ஏப்ரன் கட்டிய பெண் கடை வாசலில் நிற்கிறார். பின்பக்கத்தில் யாரோ "பூட்டனின் பப்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். அனுமதி பெற்றவரின் பெயரைக் கதவுக்கு மேலே எழுத வேண்டும் என்பது அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டமாக இருந்தது. ஆவணக் காப்பகத்தில் இருந்து வந்த அன்று மருமகள் படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். கதவு நிலைக்கு மேலே சிறிய எழுத்தில் பூட்டியின் பெயர் இருந்தது. எண்பது வருடமாக எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் இருந்த பெயர்.

1941 பெப்ரவரி 19, 20, 21 ஆம் திகதிகளில் ஜேர்மன் விமானங்கள் மூன்று இரவுகள் தொடர்ந்து சுவான்சியில் குண்டு பொழிந்தன. 230 பேர் இறந்தார்கள். சந்தையும் நகரத்தின் நடுப்பகுதியும் எரிந்து சாம்பலாயின. பூட்டியின் பெயர் இறந்தவர் பட்டியலில் இல்லை என்று தெரிந்தும் அந்தப் பட்டியலைப் பார்த்தோம். பிரித்தானியாவில் குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களின் பெயர்களை, 60,000 க்கு மேல், விலாசத்தோடும் உறவு முறையோடும் எழுதி லண்டன் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் புத்தகங்களாக வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையின் பெயரும் உண்டு. அதை வாசித்தபோது என் மனம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அம்மம்மாவுக்கு இப்போது 92 வயது. பதிவுப் புத்தகத்தின் பிரதியை அவர் கையில் கொடுத்தோம். அந்த மூன்று இரவும் நிலவறையில் பீப்பாக்களுக்கு நடுவே தம்பியை அணைத்தபடி கிடந்ததைச் சொன்னார். பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக் கிடந்த எனக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் தாயார் உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டு, வீடிழந்து வந்த அயலவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாராம். யுத்தம் முடியும்வரை பியருக்குக் கூப்பன் இருக்கவில்லை. ஆனால் பியர் வரவர நீர்த்தது, விலை ஏறியது. அந்த வருமானத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

"அம்மா ஒருநாளும் இது என்ர கடை எண்டு சொன்னதில்லை" என்றார் அம்மம்மா. பிறகு படத்தைத் திருப்பி, பழைய பென்சில் எழுத்தை அழிக்காமல், அதன் கீழே தாயின் பெயரையும் 1940 என்ற வருடத்தையும் நடுங்கும் கையால் எழுதினார்.

சகோதரிகளே, அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் கடதாசிகள் தப்பியதுதான். எங்களில் பலருடைய கடதாசிகள் தப்பவில்லை. உறுதியும் படமும் சான்றிதழும் இடம்பெயர்ந்த வழிகளில் போய்விட்டன. ஆனால் ஞாபகம் இருக்கிறது. ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் அம்மா, அம்மம்மா, அப்பம்மா, தெரிந்தால் பூட்டி, அவர்களின் முழுப்பெயரையும் பிறந்த ஊரையும் எழுதுங்கள். அவர்கள் செய்த தொழிலையும் எழுதுங்கள். இடியப்பம் அவித்து விற்றாரா, பாய் இழைத்தாரா, கருவாடு காயப்போட்டாரா, உள்ளபடி எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் பெயரும் வருடமும் குறியுங்கள். கடைசியாக உங்கள் பெயரையும், யுத்த காலத்தில் நீங்கள் எதைச் செய்து பிள்ளைகளை வளர்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். "வீட்டு வேலை" என்ற இரண்டு சொல்லோடு மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.