கொடுவாவுக்கு ஏற்ற கோல்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பிடிப்பதற்கு வீச்சுவலையும் கைத்தூண்டிலும் போதுமென்பது நம்மவர் கொள்கை. அதிற் குறை காண நாம் வரவில்லை. கல்லடிப் பாலத்திலே சாய்ந்து நின்று, வெறும் தங்கூசியை விரலிற் சுற்றிக்கொண்டே பெருமீன்களை இழுத்தெடுப்பவர்களை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆயினும் ஈத்தூண்டில் என்றொரு முறையும் உலகில் உண்டு. இறகாலும் மயிராலும் கட்டிய பொய்யிரையை மீனின் வாய்க்கு முன்னே வீசி வைக்கும் அக்கலையிலே, கோலைத் தெரிந்தெடுப்பதே பாதி வேலையாகும். சில மாதங்களாக எமது வீட்டிலே இதனையன்றி வேறு பேச்சில்லை.

சாதாரணத் தூண்டிலில் இரையின் பாரம் நூலை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலிலோ இரைக்குப் பாரமே இல்லை. தடித்த நூல்தான் பாரம். அந்த நூலைக் கோல் வளைந்து நிமிர்ந்து வீச, நூல் இரையைத் தூக்கிச் செல்கிறது. ஆகவே நூலின் பாரத்துக்கு இலக்கமிட்டு, அதே இலக்கத்தைக் கோலுக்கும் இடுகிறார்கள். நூலின் முதல் 30 அடி 140 கிறெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம் இருந்தால் அது 5 ஆம் இலக்கம். நுவரெலியா ஓடைகளில் வெள்ளையர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்கு அது தாராளம். 240 கிறெயின் நூல் 9 ஆம் இலக்கம். கடலிலே பெரும் பாரையைத் தேடுவோர் 380 கிறெயின் நூலும் 12 ஆம் இலக்கக் கோலும் கொண்டு செல்வர்.

எமக்கு வேண்டியது கொடுவாவுக்கான கோல். அந்த மீனின் குணத்தை அறியாமற் கோலைப் பற்றிப் பேசுவதிற் பயனில்லை. கண்டல் வேர்களின் நிழலிலே அசையாமற் கிடக்கும். இரை அருகில் வந்தால் வெடிபோலப் பாய்ந்து கவ்வும். தூண்டில் தைத்த கணத்திலேயே வேர்களுக்குள் திரும்பி ஓடும். அதன் செவுள் மூடி கத்திபோன்றது. ஒரு மீற்றரையும் தாண்டி வளரும். இன்னுமோர் அதிசயம், இம்மீன் பெரும்பாலும் ஆணாகப் பருவமெய்திப் பின்னர் பெண்ணாக மாறுவது. எனவே பெருங்கொடுவாவெல்லாம் பெரும்பாலும் தாய்மீன்களே. அவற்றைத் திரும்ப விட்டுவிட வேண்டுமென்பது எமது எண்ணம். எமது மாமியாருக்கு இதிற் சிறிதும் உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்! விடுவதானாலும் விரைவிற் கரைக்குக் கொணர்ந்து விடவேண்டும். மெலிந்த கோலால் நெடுநேரம் இழுபறிப்பட்டுக் களைத்த மீன், விட்ட பின்னரும் பிழைப்பது அரிது.

கொடுவாவை பாரமண்டி என்று அழைக்கும் அவுஸ்திரேலியாவிலே, டார்வின் நகரில் எமது மைத்துனர் இருக்கிறார். விடுமுறைக்கு வந்தபோது இரண்டு மொட்டைக்கோல்களைக் கொண்டுவந்தார். பிளாங்க் என்று கடைக்காரர் சொல்வது இதனையே. வளையமும் கைப்பிடியும் இல்லாத வெறும் கோல். மிகுதியை வாங்குபவர் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டும் 9 அடி. இரண்டும் நான்கு துண்டுகள். இரண்டும் 9 ஆம் இலக்கம். ஒன்றில் 'துரிதம்' என்றும் மற்றையதில் 'மிகத் துரிதம்' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்துக்கொள்வதன் விலையோ எமது அரைமாதச் சம்பளம். கோல் எமக்கன்று, பரீட்சை முடிந்ததும் கோல் உண்டென்று வாக்களித்திருந்த எமது மகளுக்கு.

துரிதம் என்றால் பலம் என்று பலர் எண்ணுகிறார்கள். கோல் எவ்விடத்தில் வளைகிறது என்பதற்கே அப்பெயர். மந்தமான கோல் கைப்பிடிவரை வளையும். துரிதமான கோல் நுனிப்பக்கத்து மூன்றிலொரு பங்கில் வளைந்து, கீழே விறைத்து நிற்கும். காற்றை ஊடறுத்துப் பருத்த இரையைச் செலுத்துவதற்கு அந்த விறைப்பு உதவும். கச்சான் வீசும் வாவிக்கரையில் அது சிறிய உதவியன்று. ஆனால் பெருமீனைத் தடுத்து நிறுத்துவது நுனியன்று, அடிப்பாகம். கோலைத் தாழ்த்திப் பிடித்தால் அடிப்பாகம் வேலை செய்யும். செங்குத்தாகத் தூக்கினால் பாரமெல்லாம் நுனியில் விழுந்து கோல் முறியும்.

ஹனெமன் என்ற அமெரிக்கர் நாணயங்களைக் கொண்டு கோலை அளக்கும் எளிய முறையொன்றை வகுத்திருக்கிறார். கோலைக் கிடையாக இறுக்கி, நுனியிற் சிறு பையைத் தொங்கவிட்டு, கோலின் நீளத்தில் மூன்றிலொரு பங்கு நுனி தாழும்வரை நாணயம் இடவேண்டும். நாணயத்தின் தொகை பலத்தைச் சொல்லும். நுனி சாய்ந்த கோணம் துரிதத்தைச் சொல்லும். 66 பாகைக்கு மேற்பட்டால் துரிதக் கோல். எம்மிடம் அமெரிக்க நாணயம் ஏது? பழைய வீச்சுவலையின் ஈயமணிகளை நிறுத்து எடுத்துக்கொண்டோம். சாப்பாட்டு மேசையிற் கோலை இறுக்கியபோது வீட்டார் எம்மைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறோம். முதற்கோல் 68 பாகை காட்டியது. மற்றையது 75 ஐத் தாண்டியது. பாரத்திலோ இரண்டுக்கும் அதிக வித்தியாசமில்லை. வளையங்களைத் தற்காலிகமாக ஒட்டி, ஒரு லீற்றர் நீர்ப்போத்தலை நூலிற் கட்டி இழுத்தபோதும் இரண்டின் அடிப்பாகமும் சளைக்கவில்லை.

மூங்கிற் கோலின் காலத்தில் இத்தனை ஆராய்ச்சிக்கு இடமிருக்கவில்லை. சீனத்துக் குவாங்டொங் மாகாணத்து மூங்கிலைப் பிளந்து, ஆறு சிம்புகளாக ஒட்டிச் செய்தார்கள். 1950 இல் சீனப் பொருள்களுக்கு அமெரிக்கா தடை விதிக்கவே, கண்ணாடி இழைக்கோலுக்கு அங்கே நல்ல காலம் பிறந்தது. 1960களில் இங்கிலாந்தின் பான்பரோவில் ஆகாயவிமான ஆராய்ச்சியாளர் உறுதியான கரியிழையை உருவாக்கினர்; 1973 இல் பென்விக் என்ற அமெரிக்கக் கம்பனி கரியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று விற்கும் துரிதக் கோல்களெல்லாம் பெரும்பாலும் அந்த வமிசமே. பாரங்குறைவு, விறைப்பு அதிகம்; ஆனால் கல்லிலே தட்டுப்பட்டால் மூங்கிலைப்போற் பொறுத்துக்கொள்ளாது.

மாலையிலே விளையாட்டு மைதானத்துக்குச் சென்றோம். மிகத் துரிதமான கோல் எமது கையிற் சீறியது. எழுபது அடி தூரத்துக்கு நூல் அம்புபோற் சென்றது. மைத்துனருக்கு ஒரே மகிழ்ச்சி.

"மச்சான், இதையே வைச்சிருங்க. பிள்ளையின்ட கை பழகப் பழக எல்லாம் சரிவரும்" என்றார்.

மகள் வாங்கி வீசினாள். நாற்பது அடிக்குள் நூல் சுருண்டு விழுந்தது. மீண்டும் வீசினாள், மீண்டும் விழுந்தது. அவளுடைய மெல்லிய மணிக்கட்டுக்கு அந்தக் கோல் வளைந்து கொடுக்கவேயில்லை. பின்னர் மற்றக் கோலை எடுத்தாள். மூன்றாம் வீச்சிலே நூல் நீண்டு நிமிர்ந்து புல்லில் மெல்லப் படிந்தது. கண்டல் ஓரத்திலே தோணியிலிருந்து வீசுவதற்கு நாற்பது அடிக்கு மேல் வேண்டுவது அரிது. எழுபது அடி எமது பெருமைக்கே உதவும். என்றாலும் சீறிய கோலைக் கீழே வைக்க எமக்கு மனம் வரவில்லை. மறுபடியும் ஒருமுறை வீசிப் பார்த்தோம்.

"அப்பா, இது உங்கட கோலா, என்ட கோலா?" என்று கேட்டாள்.

மைத்துனர் வேறெங்கோ பார்த்தார். மிகத் துரிதமான கோல் அன்றிரவே குழாய்க்குள் சென்று டார்வினுக்குப் பயணமாயிற்று.

இப்போது வளையங்கட்டும் வேலை நடக்கிறது. துண்டுகள் ஒவ்வொன்றையும் வளைத்து உருட்டி, விறைத்த பக்கத்தைக் கண்டு பென்சிலாற் குறித்தவர் நாம். நூல் சுற்றுபவர் எமது மனைவியார். தையற்காரியின் விரல்கள், இடைவெளி விழாது. பனம்பழ நிறந்தான் வேண்டுமென்று மகள் பிடிவாதமாக நின்று வென்றாள். பெண்பிள்ளைக்கு எதற்குத் தூண்டில் என்று முதலிற் கேட்ட மாமியார், சுற்றிய நூலின்மேல் யாரும் கைபடாமற் காவலிருக்கிறார். பூச்சு காய்வதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். வாடை தொடங்கி வாவி கலங்குவதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கிடைக்க வேண்டும்.