பிடித்த சூரைக்குக் கணக்கு

ப்ளூஃபின் சூரையை அளக்கத் தையல்காரர் டேப்தான் தோது. இரும்பு டேப் வளைந்துகொடுக்காது. இங்கே அளவே உடம்பின் வளைவை ஒட்டித்தான். மேல்தாடையின் நுனியில் டேப்பைப் பிடித்து, புடைப்போடு ஒட்டவைத்து, மார்புச் செட்டையின் மேல்பக்கமாகக் கொண்டுபோய், வாலடியில் துருத்தி நிற்கும் வரம்பின் மேலாக இழுத்து, வாலின் கவையில் நிறுத்த வேண்டும். வால் நுனியில் நிறுத்தினால் அளவு தப்பு. ஈரத்தில் டேப் வழுக்கும் என்பதால் செட்டைக்குப் பக்கத்தில் இன்னொருவர் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். என் மைத்துனன் முதன்முதலாகப் படகேறியபோது அந்த விரல் வேலையைத்தான் கொடுத்தேன். "அத்தான், ஒரு மீனுக்கு இத்தனை சடங்கா?" என்று கேட்டான். சடங்குதான். மீனைப் படகில் ஏற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவரோடு நான் கடலுக்குப் போவதில்லை.

மாசசூசெட்ஸில் இருக்கிறேன். கணினி வேலை சோறு போடுகிறது. மற்றதைச் சூரை பார்த்துக்கொள்கிறது. கோடை பிறந்தால் கேப் காடுக்கு வடக்கே ஸ்டெல்வேகன் பேங்க் பக்கம் எங்கள் படகு நிற்கும். மணல்விலாங்கும் ஹெர்ரிங்கும் கூடும் திட்டு அது. இரையைத் தேடிச் சூரையும் வரும். படகுக்கு அமெரிக்க அரசின் நோவா மீன்வளத் துறை தரும் ஆங்லிங் பெர்மிட் உண்டு. பெர்மிட் ஆளுக்கல்ல, படகுக்கு. அதனால் யார் தூண்டிலில் மாட்டினாலும் பதில் சொல்ல வேண்டியவன் படகுக்காரன். இந்தப் பெர்மிட்டில் பிடித்த மீனில் ஒரு துண்டைக்கூட விற்கக் கூடாது.

மீன் 27 இஞ்சுக்குக் கீழே இருந்தால் வைத்துக்கொள்ளவே முடியாது. 27 முதல் 47 வரை ஒரு வகுப்பு, 47 முதல் 59 வரை ஒன்று, 59 முதல் 73 வரை இன்னொன்று. 73-ஐத் தொட்டுவிட்டால் அது 'ட்ரோஃபி'. படகுக்கு ஆண்டுக்கு ஒன்றுதான், அதுவும் அந்தப் பகுதிக்கான ஒதுக்கீடு தீராமல் இருந்தால். 47 இஞ்ச் மீன் சுமார் 66 பவுண்டு இருக்கும், 73 இஞ்ச் மீன் 235 பவுண்டு. எந்த வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை என்பது பருவத்தின் நடுவிலேயே மாறும். முந்தின இரவு பார்த்துவிட்டுத் தூங்கி, காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்ப்பது என் வழக்கம். இப்படி மாற்றுவதில் எனக்கும் எரிச்சல் உண்டு. விடுப்பெல்லாம் சேர்த்துவைத்துக் காத்திருந்த வாரத்தில் வரம்பு பாதியாகும்.

விடப்போகும் மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது என்பது விதி. வைப்பதா விடுவதா என்பதைப் படகோரத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். படகின் பக்கவாட்டில் 27, 47, 73 என்று நிறநாடா ஒட்டியிருக்கிறேன். அது நேர்கோட்டு அளவு. வளைவோடு அளந்தால் ஓரிரு இஞ்ச் கூடும். எல்லைக்கு அருகில் நிற்கும் மீனை விட்டுவிடுவேன்.

வைக்கிற மீன் என்றால் நேரம் போகக் கூடாது. ப்ளூஃபின் தன் உடற்சூட்டைத் தக்கவைக்கும் மீன். போராடிக் களைத்தபின் அந்தச் சூடே சதையைக் கெடுக்கும். செட்டைக்குப் பின்னால் கீறி ரத்தம் வடியவிட்டு, வடியும்போதே டேப்பைப் பிடித்து, கைபேசியில் டேப் தெரிய ஒரு படமும் எடுத்துவிடுவோம். குடல் நீக்குவதும் கடல்நீர் கலந்த ஐஸில் இறக்குவதும் அதற்கப்புறம். பெட்டிக்குள் அடங்கவில்லை என்று தலையை வெட்டுகிறவர்கள் உண்டு. அதற்கு அனுமதி உண்டுதான், ஆனால் வாலும் ஒரு மார்புச் செட்டையும் உடம்போடு இருக்க வேண்டும். அப்போது செட்டை தொடங்கும் இடத்திலிருந்து கவை வரை அளந்து 1.35-ஆல் பெருக்குவார்கள். தலையை வெட்டாமல் விட்டால் பெருக்கலுக்கே வேலையில்லை.

கரையேறிய 24 மணி நேரத்துக்குள் செயலியிலோ இணையத்திலோ தெரிவிக்க வேண்டும். மேரிலாந்திலும் வட கரோலினாவிலும் படகுத்துறையிலேயே அட்டை எழுதிக் கொடுக்கும் முறை. 24 மணி நேரம் தாராளம் என்பது என் கட்சி. வீட்டுக்குப் போய், மீனை அக்கம்பக்கத்துக்குப் பங்கிட்டு, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் இஞ்ச் மறந்துபோகும். படகை டிரெய்லரில் ஏற்றுமுன் செயலியைத் திறந்தால் இரண்டு நிமிட வேலை.

இந்தக் கணக்கு கடைசியில் மாட்ரிட்டில் இருக்கும் ஐக்காட் என்ற அட்லாண்டிக் சூரை ஆணையத்துக்குப் போகிறது. 1966-இல் கையெழுத்தான உடன்படிக்கையில் பிறந்த அமைப்பு. ஆண்டுக்கு இவ்வளவு டன் என்று அமெரிக்காவுக்கு அது ஒதுக்க, அதில் ஒரு பங்கு எங்களைப் போன்ற பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு. மிஞ்சிப் பிடித்தால் பின்வரும் ஆண்டில் கழிப்பார்கள். 2025 ஆகஸ்டில் எங்கள் பிரிவை ஆண்டு முடியும்வரை மூடியபோது துறையில் ஒரே புகைச்சல். "ஒழுங்காகச் சொன்னவனால்தான் மூடினார்கள்" என்று ஒரு கிழவர் என்னைப் பார்த்தே சொன்னார்.

அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று தள்ள முடியவில்லை. சொல்லாதவனைத் துறையில் யாரும் பெரிதாகத் தேடுவதில்லை. சொன்னவன் பிடித்தது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டால் மீன் கணக்கில் வராது என்பது தப்புக் கணக்கு. கோடையில் மேய்ன் முதல் வர்ஜீனியா வரை துறைகளில் ஆள்நிறுத்தி, தொலைபேசியிலும் கேட்டு, கிடைத்த சில பதில்களை மொத்தப் படகுகளுக்கும் பெருக்குகிற கணக்கெடுப்பு ஒன்று நடக்கிறது. நேரடி அறிக்கை குறையக் குறைய அந்தப் பெருக்கலின் கை ஓங்கும். என் மீனை நானே அளந்து சொன்ன எண்ணை நம்பலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தூண்டில்காரன் தரும் தகவலுக்கு இந்தக் கரையில் மரியாதை புதிதல்ல. 1954-இல் வுட்ஸ் ஹோலில் ஃப்ராங்க் மேதர் என்ற ஆய்வாளர் விளையாட்டாக மீன்பிடிப்பவர்களின் கையில் அடையாளக் குச்சிகளைக் கொடுத்து, மீனில் குத்தி விடச் சொன்னார். அமெரிக்கக் கரையில் விட்ட ப்ளூஃபின் ஐரோப்பாவில் அகப்பட்டதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது.

உயிரோடு நீந்திப் போன மீனைச் சொல்ல வேண்டியதில்லை. செத்துப்போய் வைத்துக்கொள்ளவும் முடியாமல் கடலிலேயே விட்ட மீனைச் சொல்ல வேண்டும். செயலியில் அதற்குத் தனி இடம் உண்டு. பார்த்தவர் யாருமில்லை, பெட்டியிலும் மீன் இல்லை, ஆனாலும் அதன் நீளத்தை எழுத வேண்டும். அதை எழுதத் தொடங்கியபின் என் சாமான்களே மாறின. மெல்லிய கோலில் நெடுநேரம் இழுபட்ட மீன் படகோரம் வரும்போதே துவண்டிருக்கும். அதனால் சூரைக்கு 80 பவுண்டு நரம்புக்குக் கீழே நான் கட்டுவதில்லை. உயிர் இரைக்கு வட்டமுள், அது பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும், குடலுக்குள் போகாது. மெல்லிய கோலில்தான் விளையாட்டின் சுவை என்கிறான் மைத்துனன். அவன் தனிப் படகு வாங்கி, தன் பெயரில் பெர்மிட் எடுத்தபின் அந்த வாதத்தைத் தொடரலாம் என்று சொல்லியிருக்கிறேன்.