ஒரு சின்னப் பொய்யும் எண்டோஸ்கோப்பி அறையும்

போன வாரம் டீக்கடையில் நண்பர் ஒருவர், "எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லிட்டாங்க. அந்தக் குழாய் எத்தனை பேர் வயித்துக்குள்ள போயிட்டு வந்ததோ!" என்று புலம்பினார். அவருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். அவரிடம் சொல்லாத ஒன்றையும் சேர்த்து.

2020 மே மாதம். உப்பளத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்த முழங்கால், ஊரடங்கு நேரம் பார்த்துப் பழி வாங்கியது. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி, பல நாள் வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டேன். ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. முருங்கைக்கீரை தின்றதால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம்தான் உண்மையான காரணம்.

மூன்றாம் நாள் கொல்லையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். "ஏங்க, கொரோனாவுக்குப் பயந்து இப்படியே செத்துப் போறதா?" என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டுக் காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். கனகசெட்டிக்குளத்தில் மறித்த போலீஸ்காரர், வெளுத்துப்போன என் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. வாசலிலேயே நெற்றியில் வெப்பம் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "பதினாலு நாளுக்குள்ள வெளியூர்ல இருந்து யாராவது வீட்டுக்கு வந்தாங்களா?"

வந்திருந்தான். என் தங்கச்சி மகன். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவன், நாலு நாள் முன்பு காய்கறி லாரியில் வந்து இறங்கி எங்கள் திண்ணையில்தான் படுத்திருந்தான். கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்களால் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, தெருவையே தகரம் வைத்து அடைப்பார்களோ என்று நினைத்தேன்.

"யாரும் வரலைங்க" என்றேன்.

சளி பரிசோதனை எடுத்தார்கள். முடிவு மறுநாள்தான் வரும். ரத்தக்கசிவு அதுவரை காத்திருக்காது என்று அன்று மாலையே உள்ளே அழைத்துப் போனார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, உதவியாளரான ஒரு பையன் சொன்னான்: "குழாய் இறங்கும்போது குமட்டலும் இருமலும் வரும். எல்லாருக்கும் வரும், பயப்படாதீங்க ஐயா."

அவன் போட்டிருந்தது ஒரு மாஸ்க், ஒரு பிளாஸ்டிக் ஏப்ரன், கையுறை. என் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. உப்பளத்தில் ஒரு பாத்தியின் மடையைத் திறந்தால் அடுத்த பாத்திக்கும் தண்ணீர் போய்விடும். நான் இருமினால் அது யாருக்குள் போகும் என்று அப்போதுதான் உறைத்தது. வாயில் கட்டையை வைக்க வந்தவன் கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே" என்றார். எல்லோரும் வெளியே போய், அரை மணி நேரத்தில் முழுக் கவச உடையில் வந்தார்கள். கவச உடைக்குத் தட்டுப்பாடு. அதனால் நோயாளி சொல்லும் பதிலை வைத்துத்தான் யாருக்கு எந்த உடை என்று முடிவு செய்தார்களாம். இரைப்பையில் புண். மருந்து செலுத்தி, கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார்கள்.

மறுநாள் எனக்கு நெகடிவ். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி மகனுக்கு பாசிட்டிவ். அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. தெருவைத் தகரம் வைத்து அடைக்கத்தான் செய்தார்கள்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை இவை. அந்த மார்ச் மாதமே நம் நாட்டு இரைப்பை, குடல், ஈரல் மருத்துவர்களின் மூன்று சங்கங்கள் சேர்ந்து, அவசரம் இல்லாத எண்டோஸ்கோப்பியைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தன. ரத்தக்கசிவு போன்ற அவசரங்களை மட்டும் தடுக்கவில்லை. பயம் குழாயைப் பற்றியது அல்ல. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் குழாயை உள்ளும் புறமும் பிரஷ் போட்டுக் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி உலர்த்துவது முறை. கொரோனா கிருமிக்கு மேலே இருப்பது கொழுப்பு உறை. முறையாகச் செய்தால் இந்தக் கழுவலுக்கே அது தாங்காது. அந்த அறையில் ஆபத்து, நோயாளியின் மூச்சிலும் இருமலிலும்தான். அதை முதலில் வாங்கிக்கொள்வது பக்கத்தில் நிற்கும் அந்தப் பையன்தான்.

ஆகவே என் வயதுக்காரர்களுக்கு மூன்று சொல்கிறேன். வலி மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் தொடராதீர்கள். மலம் கறுத்தால் கீரையின் மேல் பழி போடாமல் அன்றே கிளம்புங்கள். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை போனபோது, "ஐயா, இந்தத் தடவை யாராவது வந்திருக்காங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.