பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும்

சிங்கப்பூரின் சிம் லிம் டவருக்குத் தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பக்கத்துச் சிம் லிம் ஸ்குவேரில் மடிக்கணினி வாங்க வரும் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ரிலே, கனெக்டர், சென்சார், மீட்டர் என்று உதிரி தேடி வருகிறவர்களின் கட்டடம் இது. நான் சந்திக்கப் போன அண்ணன் காரைக்குடிக்காரர். தேக்கா பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பல ஆண்டுகளாக டிரைவர் எழுதிப் பிழைப்பவர். கணினிக்கும் அதில் இணைத்த கருவிக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் மென்பொருள் அது.

கடைக்காரர் நீட்டிய வெப்ப சென்சாரைத் திருப்பிப் பார்த்தார். "வெல கெடக்கட்டும் தம்பி, இதுக்கு எரேட்டா இருக்கான்னு மொதல்ல பாக்கணும்" என்றார். இன்ன சூழ்நிலையில் இந்தச் சிப் சொன்னபடி நடக்காது என்று அதைச் செய்த நிறுவனமே வெளியிடும் பிழைப் பட்டியல்தான் எரேட்டா. சிப்பின் விவரக் குறிப்பான டேட்டாஷீட்டை எல்லோரும் படிப்பார்களாம். எரேட்டாவையும் படிக்கிறவன்தான் நேரத்தோடு வீடு போய்ச் சேருவானாம்.

அவருடைய பட்டறை உபி வட்டாரத்தில், ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் மாடியில். குளிரூட்டும் எந்திரங்களின் வெப்பத்தையும் அதிர்வையும் அளக்கும் சிறு பெட்டிகளைச் செய்கிறார்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ். நான் போனபோது ஒரு பெட்டி அடம்பிடித்துக்கொண்டிருந்தது. ஓடும்போது ரீசெட் ஆகிவிட்டால், திரும்ப எழுந்தபின் வெப்பம் காட்ட மறுக்கிறது. மின்சாரத்தையே நிறுத்திப் போட்டால் சரியாகிவிடுகிறது. பல இடங்களில் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே, உட்லண்ட்ஸில் வளர்ந்த ஓர் இளம் பொறியாளர், கம்பியில் ஓடும் துடிப்புகளைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரின் கொக்கிகளைச் சென்சாரின் இரண்டு கம்பிகளில் மாட்டினார்.

சென்சாரும் கணினியும் பேசும் ஐ2சி இணைப்புக்கு இரண்டே கம்பிதான்: ஒன்றில் கடிகாரத் துடிப்பு, மற்றதில் தரவு. சும்மா இருக்கும்போது இரண்டு கோடுகளும் திரையில் மேலே நிற்க வேண்டும். தரவுக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. சென்சார் பாதி விடை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் கணினி ரீசெட் ஆகிவிட்டது. சென்சாருக்கு அது தெரியாது. அடுத்த துடிப்பு வரட்டும் என்று கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்துக் காத்திருக்கிறது. எழுந்து வந்த கணினியோ, யாரோ கம்பியைப் பிடித்திருக்கிறார்கள், விடட்டும் என்று காத்திருக்கிறது. ஒரே வாசலில் 'நீங்க மொதல்ல போங்க' என்று இரண்டு பேர் நிற்கிற கதை.

"ஒம்பது கிளாக் குடுத்தா விட்டுடும்ணா" என்றார் அந்தப் பொறியாளர். எட்டு பிட், ஒப்புகைக்கு ஒன்று. இந்த மீட்பு வேலைக்கான நிரல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் கடிகாரக் கம்பி எந்த முனையில் இருக்கிறது என்பதை, வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பில் எழுதாமல் விட்டிருந்தார்கள். சில வரிகள் சேர்த்து மறுபடி ஓடவிட்டார். ஒன்பது பற்கள் போலத் துடிப்புகள் வந்தன. தரவுக் கோடு மேலே ஏறியது. அண்ணன் பாராட்டவில்லை. "நூறு தடவ ரீசெட் பண்ணிப் பாரும்மா" என்றார்.

அவர்களின் நிரலை அச்செடுத்துக் காட்டினார்கள். கருவியைக் கண்டதும் ஓடும் தொடக்கப் பகுதியில், ஏறக்குறைய பாதி வரிகள் வேலை நடக்காமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றியவை. நினைவகம் கிடைக்காவிட்டால் இப்படித் திரும்பு. இன்டரப்ட், அதாவது 'என்னைக் கவனி' என்று கருவி கணினியை அழைக்கும் வழி, கிடைக்காவிட்டால் அதுவரை வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடு. இன்டரப்ட் கேட்பதைக் கடைசியில்தான் வைப்பார்கள். பதிவு செய்த மறுகணமே இன்டரப்ட் வந்து கதவைத் தட்டலாம். அதற்குள் தரவுக் கட்டமைப்பு தயாராக இல்லாவிட்டால் முழுக் கணினியும் விழும். சாதாரணச் செயலி விழுந்தால் அது மட்டும்தான் விழும். கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் விழுந்தால் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு விழும்.

இதற்கு நாட்டுக்கே தெரிந்த உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை நண்பகல். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக் கோப்பு வந்தது. விண்டோஸ் கெர்னலுக்குள் ஓடிய அதன் பகுதி 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, கொடுக்கப்பட்டவை 20. இல்லாத இருபத்தோராவதைப் படிக்கப் போய்த் தனக்குச் சொந்தமில்லாத நினைவகத்தில் கைவைத்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தன. வருவதை எண்ணிப் பார்த்துவிட்டுப் படிக்கும் ஒரு சோதனை இருந்திருந்தால் அது நடந்திருக்காது. லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், டிரைவர்களின் பிழை விகிதம் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று 2001-லேயே எழுதிவிட்டார்கள்.

பட்டறையின் மூலையில் ஒரு ரிலே 'டக், டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தது. யூஎஸ்பி கம்பியில் தரவு ஓடும்போதே இணைப்பைத் துண்டிப்பதும், மறுபடி கொடுப்பதும்தான் அதன் வேலை, இரவெல்லாம் ஓடும். "செருகினா வேல செய்யுதுன்னு யார் வேணா காட்டலாம் தம்பி. பிடுங்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அண்ணன். நான் அன்று கேட்டதிலேயே உருப்படியான தொழில் இலக்கணம் இதுதான்.

சிங்கப்பூருக்கு இந்த வேலை புதிதல்ல. சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் 1981-இல் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையைக் கொண்டுவந்தது. டாஸ் காலத்தில் ஒலிக்குப் பொது டிரைவர் கிடையாது. ஒவ்வொரு விளையாட்டும் அட்டையோடு தானே நேரடியாகப் பேசியது. 'ஏ220 ஐ5 டி1' என்று தட்டச்சு செய்த தலைமுறைக்கு அது மறந்திருக்காது: முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ என்னும் நேரடி நினைவக வழி 1. பழைய அட்டைகள் இன்டரப்ட் 7-ஐ எடுத்துக்கொண்டு அச்சுப்பொறியோடு சண்டைக்கு நின்றதும் உண்டு.

2000-இல் இதே ஊரின் டிரெக் நிறுவனம் தம்ப்டிரைவ் என்னும் யூஎஸ்பி சேமிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் 98-இல் அதற்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியிருந்தது. பின்னர் எல்லா நிறுவனங்களும் ஒரே யூஎஸ்பி சேமிப்பு நெறிமுறையைப் பின்பற்ற, இயங்குதளத்தோடு வரும் ஒரே டிரைவர் எல்லாவற்றுக்கும் போதுமானதாயிற்று. புதிதாக எழுதத் தேவையில்லாமல் போன டிரைவரே ஆகச்சிறந்த டிரைவர் என்பேன், பொறியாளர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அதற்கு அடுத்த நிலையில் இருப்பது மூலநிரல் வெளியான டிரைவர். கிரியேட்டிவ் தன் எக்ஸ்-ஃபை ஒலி அட்டைக்கான லினக்ஸ் டிரைவரின் மூலநிரலை 2008-இல் திறந்துவிட்டது. பிறகு அது கெர்னலிலேயே சேர்ந்துவிட்டதால், அந்த அட்டையை இன்றும் செருகிப் பாட்டுக் கேட்கலாம். மூடிவைத்த டிரைவரோடு விற்ற அச்சுப்பொறிகளும் ஸ்கேனர்களும், இயங்குதளம் மாறியதும் எந்திரம் நன்றாக இருக்கும்போதே குப்பைக்குப் போகின்றன. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. அடுத்த முறை சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசும்போது, விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இதற்கு டிரைவர் எத்தனை ஆண்டு வரும், லினக்ஸ் கெர்னலில் இது இருக்கிறதா? கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்த கடைக்குப் போங்கள்.