தேள்கொடுக்கும் சினை மாடும்

ஏரியில் தண்ணீர் வற்றியதும் உள்வாயில் கோரையோடு சேர்ந்து முளைப்பது தேள்கொடுக்கு. முழங்கால் உயரம், சொரசொரப்பான இலை, தேளின் கொடுக்கு போல நுனி சுருண்ட கதிர், அதில் வரிசையாக வெளிர் ஊதாப் பூக்கள். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை கொட்டி முடிந்துவிடும் செடி. வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

போன கோடையில் தீவனத் தட்டுப்பாடு. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் பெண்மணி ஒருவர், உள்வாயில் கிடைத்ததையெல்லாம் அறுத்துவந்து சோளத்தட்டையோடு சேர்த்துத் தீவனம் நறுக்கும் மெஷினில் விட்டார். திண்ணையில் இருந்த மாமனார், “அத மாடு மோந்துகூடப் பாக்காதேம்மா” என்றார். “நறுக்கிப் போட்டா திங்குது மாமா” என்றார் மருமகள்.

இருவர் சொன்னதும் உண்மை. சிக்கலே அங்கேதான். மேய்ச்சலில் கசப்புக்குப் பயந்து மாடு ஒதுக்கிவிடும். பொடியாக நறுக்கிக் கலந்துவிட்டால் ஒதுக்க வழியில்லை. இந்தச் செடியில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. காயவைத்தாலும் முழுதாகப் போகாது. ஓரிரு நாளில் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் தின்ற பிறகே மாடு இளைக்கத் தொடங்கும். செம்மறியும் வெள்ளாடும் ஓரளவு தாங்கும். மாடு அவ்வளவு தாங்காது.

சினை மாடுதான் முதலில் இளைத்தது. குடற்புழு மருந்து கொடுத்தும் தேறவில்லை. வந்த கால்நடை மருத்துவர், ஊசியை எடுப்பதற்கு முன் தீவனக் குவியலைக் கிளறினார். சுருண்ட கதிர்கள் கைநிறைய வந்தன. இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, உடனே நிறுத்துங்கள் என்றார். கன்று பிழைத்தது. வேளைக்கு ஆறு லிட்டர் கறந்த மாடு இப்போது மூன்றைத் தாண்டுவதில்லை. அதன் பேரில் வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கிறது.

மனிதருக்கும் இதே கதைதான். 1970களின் நடுவில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதியில், வறட்சிக்குப் பிறகு, இதே இனத்துச் செடி ஒன்றின் விதை கோதுமையில் கலந்துபோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஈரல் கெட்டது. கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் குடிக்க வேண்டாம்.

இப்போது மெஷினுக்குப் பக்கத்தில் மாமனார்தான் உட்கார்ந்து கட்டைப் பிரிக்கிறார். பூக்கும் முன்பே பிடுங்கினால் விதை கொட்டாது; கையோடு வேரும் வந்துவிடும். பிடுங்கி எறிந்த செடிகள் கரையில் வாடிக் கிடக்கின்றன. கருஞ்சிறகில் நீலப்புள்ளி போட்ட பட்டாம்பூச்சிகள் அதில் மொய்க்கின்றன. ஆண் பூச்சிகள் இந்த நஞ்சை உறிஞ்சி உடம்பில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் அவற்றைத் தின்னாது.

“இதுக்கு மட்டும் எப்படி ஒத்துக்குது?” என்று பெரியவர் தினமும் கேட்கிறார். மருமகள் பதில் சொல்லாமல் அடுத்த கட்டை எடுத்துப் போடுகிறார்.