திலோனியா தரும் பாடம்

ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் செல்லும் அன்பர்கள் திலோனியா என்னும் சிற்றூரையும் கண்டு வருதல் நன்று. மழை அரிதான வறண்ட பூமி அது. 1972-இல் பங்கர் ராய் இங்கே சிறியதொரு தொண்டு நிலையம் தொடங்கினார். நாம் அங்கே கண்டது அன்னசத்திரம் அன்று, தொழிற்கூடம்.

பகலில் ஆடு மேய்க்கும் சிறாருக்கு இரவுப் பள்ளி. கூரையில் விழும் மழைநீரைச் சேமிக்கத் தொட்டி. எழுத்தறியாத பாட்டிமார், சைகையாலும் வண்ணக் குறிகளாலும் ஆறே மாதத்தில் சூரிய விளக்கு அமைக்கக் கற்கின்றனர். ஆப்பிரிக்கப் பெண்களும் வந்து பயின்று தத்தம் ஊரில் விளக்கேற்றினர். பாட்டிமாரைத் தேர்ந்தது ஏன்? தொழில் கற்ற இளைஞர் நகரம் தேடிப் போய்விடுவர்; பாட்டிமார் ஊரிலேயே இருப்பர்.

பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். நம் சங்க நிதியில் ஒரு பங்கு, ஒரு நாள் விருந்துக்கன்றி, ஓர் ஏழையேனும் தொழில் கற்கச் செலவாகட்டும்.